வடசென்னையின் இரவு ரொட்டி: கோதுமை, துறைமுகம், ஆலை நேரம்

வடசென்னை என்பது இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் முதலிய துறைமுக, தொழிற்சாலைப் பகுதிகளைக் குறிக்கும். இப்பகுதியின் தெருக்களில் மாலை ஆறு மணிக்கு மேல் பெரிய இரும்புக் கல்லில் பரோட்டா சுடும் காட்சி வழக்கமானது. வேலை நாளின் இரவில் விரைவாகக் கிடைக்கும் உணவாக இந்த ரொட்டி இங்கு நிலைபெற்றுள்ளது. ஆனால் கோதுமை தமிழ்நாட்டில் பெயரளவுக்கே விளைகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்பு இப்பகுதி உழைப்பாளிகளின் உணவு அரிசிச் சோறு, கேழ்வரகுக் கூழ், கஞ்சி, மீன் ஆகியவையே.

அரிசி உண்ட ஊரில் கோதுமை ரொட்டி எவ்வாறு இரவு உணவாயிற்று என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. பரோட்டா எந்த ஊரில் முதலில் சுடப்பட்டது என்பது பற்றிப் பல ஊர்கள் உரிமை கோருகின்றன. வடசென்னையைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியைவிட முக்கியமானவை மூன்று: கோதுமை எந்த வழியில் வந்தது, அதைச் சுடும் கைத்திறன் எவரோடு பயணம் செய்தது, அதை உண்பதற்கான நேரம் எப்படி உருவானது. மூன்றுக்கும் துறைமுகத்தோடும் ஆலையோடும் தொடர்பு உண்டு.

ரொட்டியின் வகை

உலகெங்கும் கோதுமை ரொட்டிகள் இரு பெரும் வகைப்படும். மாவை ஈஸ்ட் கொண்டு புளிக்க வைத்து அடுப்புக்குள் வேகவைப்பது ஒரு வகை. புளிக்க வைக்காமல் மாவு, நீர், உப்பு, கொழுப்பு ஆகியவற்றைப் பிசைந்து சூடான கல்லில் சுடுவது மற்றொரு வகை. இத்தாலியில் இரண்டும் உள்ளன. ஃபோக்காச்சா, பீட்சா ஆகியவை முதல் வகை. வடகிழக்கு இத்தாலியின் ரொமாஞா பகுதியில் உண்ணப்படும் பியாதீனா இரண்டாம் வகை. கோதுமை மாவில் பன்றிக் கொழுப்போ ஆலிவ் எண்ணெயோ சேர்த்துப் பிசைந்து, சிறிது நேரம் ஊறவிட்டு, வட்டமாகத் தேய்த்து, ஒரு பக்கத்துக்கு ஓரிரு நிமிடம் வீதம் சுட்டு எடுப்பார்கள். நடுவில் பாலாடைக் கட்டியோ கீரையோ இறைச்சியோ வைத்து மடித்து உண்பார்கள். உழவர் வீட்டு எளிய உணவாக இருந்த பியாதீனாவுக்கு 2014-இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு வழங்கியது.

பரோட்டாவும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதன் பெயர் வட இந்தியப் பராட்டாவிலிருந்து வந்தது. எனினும் இரண்டும் ஒன்றல்ல. வட இந்தியப் பராட்டா பெரும்பாலும் தவிடு நீக்காத ஆட்டா மாவில் தேய்க்கப்படுகிறது. தமிழ்நாட்டுப் பரோட்டா மைதாவில், கையால் வீசி, சுருட்டி, அடுக்கடுக்காகச் செய்யப்படுகிறது. மைதா என்பது கோதுமையின் தவிட்டையும் முளையையும் நீக்கி அரைத்த வெண்மாவு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் உருளை ஆலைகள் பரவிய பின்னரே இத்தகைய மாவு மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது. ஆகவே இன்றைய பரோட்டா எந்திரக் காலத்தின் உணவு.

கோதுமை உண்டவர்களும் அரிசி உண்டவர்களும்

இராயபுரம் ரயில் நிலையம் 1856 ஜூன் 28 அன்று திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அதே ஆண்டு ஜூலை 1 அன்று அங்கிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. சென்னையின் செயற்கைத் துறைமுகப் பணி 1870-களில் தொடங்கியது. 1881-ஆம் ஆண்டுப் புயலில் அது சிதைந்து, பின்னர் மீண்டும் கட்டப்பட்டது. ரயிலும் துறைமுகமும் அருகருகே அமைந்ததால் வடசென்னையில் பல இடத்து மக்கள் குடியேறினர். ரயில்வேயில் பணிபுரிந்த ஆங்கிலோ இந்தியர்கள், 1910-இல் இராயபுரத்தில் தீக்கோயில் கட்டிய பார்சிகள், சௌகார்பேட்டையில் வணிகம் செய்த மார்வாடி, குஜராத்தி சமூகத்தவர் ஆகியோர் கோதுமை உண்ட குடும்பங்கள்.

இவர்களின் ரொட்டி அக்கம்பக்கத்துத் தமிழ் உழைப்பாளிகளின் தட்டுக்கு அன்றாட உணவாக வரவில்லை. பேக்கரி ரொட்டியைக் காய்ச்சல் வந்தால் பாலில் நனைத்து உண்ணும் உணவாகவே தமிழ்க் குடும்பங்கள் நீண்ட காலம் கருதின. பக்கத்துத் தெருவில் பார்த்துப் பழகியதால் மட்டும் ஓர் ஊரின் உணவு மாறிவிடவில்லை. மாற்றத்துக்கு அரிசித் தட்டுப்பாடு காரணமாயிற்று.

பர்மா அரிசி நின்றது

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு இந்தியா ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கும் அதிகமான அரிசியைப் பர்மாவிலிருந்து வாங்கியது. சென்னை மாகாணமும் அந்த வரவை நம்பியிருந்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை இரங்கூனைப் பிடித்ததும் அரிசிக் கப்பல்கள் நின்றன. அதே ஆண்டு ஏப்ரலில் குண்டுவீச்சு அச்சத்தால் சென்னை நகர மக்கள் பலர் வெளியேறினர். 1943-இல் நகரில் உணவுப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது.

பங்கீட்டு அட்டை ஒரு குடும்பம் எதை உண்ண வேண்டும் என்பதில் அரசின் கையை நுழைத்தது. கேட்ட அளவு அரிசி கிடைக்காதபோது, கிடைத்த தானியத்தைச் சமைக்க வேண்டியிருந்தது. அரிசி சமைத்துப் பழகிய வீடுகளில் கோதுமை சிக்கலை உண்டாக்கியது. அதை அரைக்க வேண்டும், சலிக்க வேண்டும், பிசையவும் தேய்க்கவும் பழக வேண்டும். உடைத்துக் கஞ்சியாகவோ உப்புமாவாகவோ கிண்டுவதே பலருக்கு எளிதாக இருந்தது. இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, 1952 ஜூனில், மாகாணத்தில் உணவுக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. மக்கள் அரிசிக்குத் திரும்பினர்.

கப்பலில் வந்த கோதுமை

அமெரிக்கா 1954-இல் இயற்றிய பொதுச் சட்டம் 480, தன் உபரித் தானியத்தை வெளிநாடுகளுக்கு அவற்றின் சொந்த நாணயத்தில் விற்க வழி செய்தது. இந்தியா 1956 ஆகஸ்டில் முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. 'பி.எல்.480' என்ற பெயரில் அறியப்பட்ட இந்தத் திட்டத்தின் முக்கியப் பொருள் கோதுமை. 1965, 1966 ஆண்டுகளில் மழை பொய்த்தது. 1966-இல் மட்டும் இந்தியா ஒரு கோடி டன்னுக்கும் அதிகமான உணவுத் தானியத்தை இறக்குமதி செய்தது. சென்னைத் துறைமுகமும் அந்தத் தானியம் இறங்கிய துறைமுகங்களுள் ஒன்று.

இறங்கிய கோதுமை மூன்று வழிகளில் மக்களை அடைந்தது. நியாயவிலைக் கடைகள் முதல் வழி. உருளை மாவு ஆலைகள் இரண்டாம் வழி. அரசு ஒதுக்கிய இறக்குமதிக் கோதுமையை இந்த ஆலைகள் மைதா, ரவை, ஆட்டா, தவிடு எனப் பிரித்தன. பள்ளிகள் மூன்றாம் வழி. காமராசர் ஆட்சியில் 1956-இல் விரிவுபெற்ற மதிய உணவுத் திட்டத்துக்கு 1960-களில் 'கேர்' என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் பால்பொடி, உடைத்த கோதுமை முதலியவற்றை அளித்தது. பள்ளியில் கோதுமை உப்புமா உண்டு வளர்ந்த தலைமுறை இதனால் உருவாயிற்று.

இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14 அன்று தொடங்கப்பட்டபோது அதன் தலைமையகம் சென்னையில் இருந்தது. முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்தது. அன்றைய மத்திய உணவு அமைச்சர் சி.சுப்பிரமணியம் தமிழ்நாட்டவர். 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டை ரகக் கோதுமை விதை தருவிக்கப்பட்டது. அதன் பின் வந்த பசுமைப் புரட்சி, கோதுமைக்காகக் கப்பலை எதிர்பார்க்கும் நிலையை மாற்றியது. பி.எல்.480 இறக்குமதி 1971-இல் முடிவுக்கு வந்தது. கோதுமை அதன் பிறகும் வந்தது. இம்முறை பஞ்சாபிலிருந்தும் அரியானாவிலிருந்தும் ரயிலில் வந்தது.

இந்தக் காலகட்டத்தில் இரவு உணவே அரசியல் பொருளாயிற்று. பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி 1965-இல் திங்கள்கிழமை இரவு உணவைத் தவிர்க்குமாறு நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். தமிழ்நாட்டிலோ மக்கள் கேட்டது அரிசி. 1967 தேர்தலில் தி.மு.க. 'ரூபாய்க்கு மூன்று படி அரிசி' என்று வாக்குறுதி அளித்தது. ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் தொடங்கப்பட்டது. ஆகவே, அமெரிக்கக் கோதுமை வந்ததால் தமிழர் அரிசியைக் கைவிட்டனர் என்று கூறுவது வரலாற்றோடு பொருந்தாது. வீட்டில் அரிசி தன் இடத்தை இழக்கவில்லை. மைதாவுக்கு இடம் கிடைத்தது தெருவில்.

ஆலை நேரம்

தெருவில் அந்த இடம் உருவானதற்குத் தொழிற்சாலையின் நேர ஒழுங்கு ஒரு காரணம். பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் 19-ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால் பகுதியில் தோன்றின. அந்த ஆலைத் தொழிலாளர்களே 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினர். பி.பி.வாடியா, செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு, திரு.வி.க. ஆகியோர் அதில் முன்னின்றனர். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாக அது கருதப்படுகிறது. தொழிலாளர்கள் முதலில் முன்வைத்த குறைகளுள் ஒன்று, மதிய உணவுக்கு விடப்படும் இடைவேளை போதவில்லை என்பது. உண்பதற்கான நேரம் இந்தியத் தொழிற்சங்க வரலாற்றின் தொடக்கத்திலேயே இடம்பெற்றுவிட்டது.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் குறைந்தது அரை மணி நேரம் இடைவேளை தர வேண்டும் என்றது. 250 பேருக்கு மேல் பணிபுரியும் ஆலைகளில் கேண்டீன் அமைக்கச் செய்யவும் வழிவகுத்தது. விடுதலைக்குப் பின் திருவொற்றியூர், எண்ணூர், மணலி பகுதிகளில் பெரிய ஆலைகள் வரிசையாக வந்தன. 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கியது எம்.ஆர்.எஃப். 1948-இல் நிறுவப்பட்டு எண்ணூரில் இயங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. திருவொற்றியூரில் கார்போரண்டம் யுனிவர்சல், என்ஃபீல்டு ஆலைகள் 1950-களில் எழுந்தன. மணலி சுத்திகரிப்பு ஆலை 1969-இல் இயங்கத் தொடங்கியது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-களில் வந்தது.

இவற்றில் பல ஆலைகள் ஷிப்டு முறையில் இயங்கின. காலை ஆறு முதல் இரண்டு, இரண்டு முதல் இரவு பத்து, பத்து முதல் மறுநாள் காலை ஆறு என்பது பரவலான பிரிவு. இரண்டாம் ஷிப்டு முடித்து இரவு பத்து மணிக்கு வெளியே வருபவருக்கும், இரவுப் பணிக்கு உள்ளே போகிறவருக்கும் ஒரே நேரத்தில் உணவு வேண்டும். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குவோருக்கும், காசிமேட்டில் விசைப்படகுக்குப் போவோருக்கும் நேரம் இன்னும் ஒழுங்கற்றது. பெரும்பாலோர் வசித்தது சமையலுக்குத் தனி அறை இல்லாத சிறு வீடுகளில், அல்லது பலர் சேர்ந்து தங்கிய அறைகளில்.

இத்தகைய நிலை வேறு துறைமுக நகரங்களிலும் இருந்தது. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் நேப்பிள்ஸ் நகர ஏழைகள் சமையலறை இல்லாத நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்தனர். தெருவில் துண்டு போட்டு விற்ற பீட்சா அவர்களின் உணவாயிற்று. அன்று மேட்டுக்குடியினர் அதை இழிவாகப் பார்த்தனர். நேப்பிள்ஸ் பீட்சா சுடும் கலையை 2017-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

கடல் கடந்து போய்த் திரும்பிய ரொட்டி

கோதுமையும் நேரமும் இருந்தால் போதாது, கைத்திறனும் வேண்டும். 19-ஆம் நூற்றாண்டு முதல் தமிழர்கள் பர்மா, மலாயா, சிங்கப்பூர், இலங்கை ஆகிய இடங்களுக்கு வணிகத்துக்கும் கூலி வேலைக்கும் சென்றனர். அவர்களோடு சென்ற ரொட்டி ஒவ்வோர் இடத்திலும் ஒரு பெயர் பெற்றது. மலேசியாவில் அது ரொட்டி சானாய். தமிழ் முஸ்லிம்களின் 'மாமாக்' கடைகள் அதன் இருப்பிடம். சிங்கப்பூரில் ரொட்டி பிராட்டா. பர்மாவில் பலாத்தா; அவித்த பட்டாணியோடு அது காலை உணவாக விற்கிறது. இலங்கையில் ரொட்டியைக் கல்லில் கொத்தி முட்டை, காய், கறி சேர்த்துக் கொத்து ரொட்டி ஆக்கினர். தமிழ்நாட்டின் கொத்துப் பரோட்டா இதன் உறவு. இன்றும் கடைப் பலகைகளில் காணப்படும் 'சிலோன் பரோட்டா' என்ற பெயரும் இந்தத் தொடர்பைக் காட்டுகிறது.

இவர்களில் பலர் விரும்பித் திரும்பவில்லை. பர்மாவில் 1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964-இல் கடைகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. பெரிய மதிப்புள்ள கியாத் நோட்டுகள் செல்லாது என அறிவிக்கப்பட்டன. தலைமுறைகளாக வாழ்ந்த தமிழர்கள் சேமிப்பை இழந்து கப்பலேறினர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தனர். சென்னைத் துறைமுகம் அவர்கள் இறங்கிய முக்கிய இடம். அதே ஆண்டு அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கை மலையகத் தமிழர் பல லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப வழி செய்தது.

பர்மாவிலிருந்து திரும்பியோரில் ஒரு பகுதியினர் வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியமர்ந்தனர். எண்ணூரில் பர்மா நகர் என்ற பெயரே நிலைத்துவிட்டது. துறைமுகத்துக்கு எதிரே 1960-களின் இறுதியில் பர்மா பஜார் உருவானது. அதையொட்டிய இரண்டாம் கடற்கரைச் சாலைத் தள்ளுவண்டிகளில் அத்தோ விற்கத் தொடங்கினர். நூடுல்ஸோடு வெங்காயம், முட்டைக்கோஸ், புளிக்கரைசல், பொரித்த பூண்டு, மிளகாய்த் தூள் சேர்த்துக் கையால் பிசைந்து தரும் உணவு அது. பர்மியச் சொல்லில் 'தோ' என்பது கலந்து பிசைந்ததைக் குறிக்கும். அதோடு தரும் மொறுமொறுப்பான பேஜோவின் பெயர் 'பொரித்த பயறு' என்ற பொருளுடையது. இவையும் கோதுமையின் வழியே வந்தவைதான்: அத்தோவின் நூடுல்ஸ் மைதாவில் செய்யப்படுகிறது. ஓரிரு நிமிடத்தில் தயாராகி, நின்றபடியே உண்ணக் கூடியதாக இருந்ததால் பரோட்டாவைப் போலவே அதுவும் இரவுக் கடையின் உணவாயிற்று.

கல்லின் முன்னால்

பரோட்டாவை 'விரைவு உணவு' என்பது உண்பவரின் கணக்கு. சுடுபவரின் கணக்கு வேறு. மைதாவில் உப்பு, சிறிது சர்க்கரை, எண்ணெய், நீர் விட்டு நன்றாகப் பிசைய வேண்டும். ஈரத்துணி மூடி ஊறவிட்டால் மாவிலுள்ள குளூட்டன் புரதம் தளர்ந்து, கிழியாமல் நீளும். பின் உருண்டை பிடித்து எண்ணெயில் ஊறவைப்பர். ஒரு கிலோ மைதாவில் சுமார் 20 உருண்டைகள் வரும். ஊறிய உருண்டையை எண்ணெய் தடவிய மேடையில் தட்டி, இரு கைகளாலும் பிடித்துக் காற்றில் வீசினால் அது துணி போல் விரியும். அதை மடித்து, நீளமாக்கி, வட்டமாகச் சுருட்டி, மீண்டும் சற்று ஊறவிட வேண்டும். இறுதியில் உள்ளங்கையால் தட்டிக் கல்லில் போட்டு, இருபுறமும் சிவந்ததும் நான்கைந்தாக அடுக்கிப் பக்கவாட்டில் அடித்தால் அடுக்குகள் விரிந்துகொள்ளும்.

பியாதீனாவோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். பியாதீனாவைத் தேய்த்து அப்படியே சுடலாம்; வீட்டில் ஒருவர் அரை மணி நேரத்துக்கு முன் மாவு பிசைந்தால் போதும். அந்த வகையில் அதற்கு நெருக்கமானது நம் வீட்டுச் சப்பாத்தி. பரோட்டாவுக்குப் பல மணி நேர முன்வேலையும் பழகிய கையும் தேவை. அதனால்தான் சப்பாத்தி வீட்டு உணவாகவும் பரோட்டா கடை உணவாகவும் பிரிந்தன. பிற்பகலில் பரோட்டா மாஸ்டர் செய்து முடித்த வேலையே இரவு பத்து மணிக்கு வருபவரின் காத்திருப்பைக் குறைக்கிறது. உழைப்பாளியின் அவசரத்துக்குப் பின்னால் இன்னோர் உழைப்பாளியின் நீண்ட வேலை நேரம் உள்ளது. மீன் விற்றோ ஆலை வேலை முடித்தோ வீடு திரும்பும் பெண்ணுக்குப் பொட்டலத்தில் வரும் பரோட்டாவும் சால்னாவும் அன்றைய இரண்டாம் சமையலைக் குறைக்கின்றன.

மைதா மீதான குற்றச்சாட்டு

2010-களில் மைதாவுக்கு எதிரான பிரசாரம் தமிழிலும் மலையாளத்திலும் பரவியது. மைதாவை வெளுக்கச் சேர்க்கும் அலோக்சான் நீரிழிவைத் தருகிறது என்பது அதன் மையக் கூற்று. அலோக்சான் என்பது ஆய்வகத்தில் எலிகளுக்கு நீரிழிவை உண்டாக்கப் பயன்படும் வேதிப்பொருள். அது மாவில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட பொருள் அல்ல. மைதாவின் உண்மையான குறை வேறு: தவிடும் முளையும் போவதால் நார்ச்சத்தும் பல நுண்சத்துகளும் குறைகின்றன, மாவுச்சத்து விரைவாகச் செரித்து இரத்தச் சர்க்கரையை ஏற்றுகிறது. எண்ணெயும் சேர்வதால், நாள்தோறும் உண்பதற்கு அது உகந்ததல்ல.

இந்த அறிவுரை சரியானது. ஆனால் அதனோடு சேர்ந்து 'சுவரொட்டி ஒட்டும் பசை', 'நம் உணவே அல்ல' என்ற ஏளனமும் வருகிறது. அந்த ஏளனம் உணவைக் குறித்ததாகத் தொடங்கி, அதை உண்பவரைக் குறித்ததாக முடிகிறது. இரவு பத்து மணிக்கு, குறைந்த விலையில், வயிறு நிறையும்படி வேறு என்ன கிடைக்கும் என்ற கேள்விக்கு அது விடை சொல்வதில்லை.

அரசு சுட்ட சப்பாத்தி

அந்தக் கேள்விக்கு ஒரு விடை 2013-இல் வந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் முதலமைச்சர் ஜெயலலிதா சென்னை மாநகராட்சியின் அம்மா உணவகங்களைத் தொடங்கி வைத்தார். இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். செப்டம்பரில் மாலை உணவாக இரண்டு சப்பாத்தியும் பருப்பும் 3 ரூபாய்க்கு வழங்கப்பட்டன. சப்பாத்தி செய்ய இயந்திரங்கள் வாங்கப்பட்டன. மகளிர் சுய உதவிக் குழுவினர் சமைத்தனர். திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி ஆகியவை 2011-இல் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டிருந்ததால் வடக்கு எல்லை வரை உணவகங்கள் அமைந்தன.

1943-இல் பங்கீட்டு அட்டை வழியாகத் தயக்கத்தோடு ஏற்கப்பட்ட கோதுமை, 70 ஆண்டுகளுக்குப் பின் அரசு உணவகத்தில் வரிசையில் நின்று வாங்கும் இரவு உணவாயிற்று. காலையும் மதியமும் அரிசி, இரவில் கோதுமை என்ற நகர்ப்புறப் பழக்கத்தை அந்தப் பட்டியலே பதிவு செய்கிறது.

வரியும் பெயரும்

பரோட்டா ரொட்டியா, அல்லவா என்ற கேள்வி அண்மையில் வரிச் சட்டத்திலும் எழுந்தது. கர்நாடகாவின் முன்தீர்ப்பு ஆணையம் 2020-இல், பொதியில் விற்கும் பரோட்டாவை உண்பதற்கு முன் மீண்டும் சூடாக்க வேண்டியிருப்பதால் அது ரொட்டி, சப்பாத்தி வகையில் சேராது எனக் கூறியது. அதன்படி சப்பாத்திக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரியும், பொதிப் பரோட்டாவுக்கு 18 விழுக்காடு வரியும் ஆயின. தென்னிந்திய உணவைத் தாழ்த்தும் முடிவு என்று சமூக ஊடகங்களில் எதிர்ப்பு எழுந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வேறுபாடு நீக்கப்பட்டது. சப்பாத்தி, பரோட்டா, பீட்சா ரொட்டி ஆகிய அனைத்தும் வரியற்ற பட்டியலில் வந்தன. நேப்பிள்ஸ் ரொட்டியும் வடசென்னை ரொட்டியும் இப்போது சட்டத்தின் ஒரே வரிசையில் உள்ளன.

மதிப்பீடு

வடசென்னையின் இரவு ரொட்டியை ஒரு தனி மனிதரோ ஒரு தனி ஊரோ கொண்டுவரவில்லை. பர்மா அரிசி நின்றதும், அமெரிக்கக் கோதுமை இறங்கியதும், பஞ்சாப் கோதுமை பெருகியதும் மாவைத் தந்தன. வெளிநாடு சென்றும் விரட்டப்பட்டும் திரும்பிய தமிழர்கள் கைத்திறனைச் செழுமைப்படுத்தினர். ஆலைச் சங்கும் துறைமுக வேலையும் உண்ணும் நேரத்தை வகுத்தன. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் 1996-இல் மூடப்பட்டன. எண்ணூர் பழைய அனல்மின் நிலையம் 2017-இல் நிறுத்தப்பட்டது. அந்த ஆலைகள் உருவாக்கிய உண்ணும் பழக்கம், சரக்குப் பெட்டக லாரி ஓட்டுநர்களுக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் உணவு கொண்டு செல்லும் இளைஞர்களுக்கும் கைமாறியுள்ளது. தமிழர் உணவின் வரலாற்றை எழுதுவோர் சங்க கால நெல்லுக்கும் தினைக்கும் தரும் கவனத்தில் ஒரு பங்கை இந்த இரவுக் கடைகளுக்கும் தர வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தமிழ் உழைப்பாளி எப்போது உண்டார், எதை உண்டார், ஏன் அதை உண்டார் என்பதற்கான சான்று அங்கே இருக்கிறது.